வாழை எந்தப் பக்கம் சாய்ந்தது: சோழவந்தான் பக்கத்தில் ஒரு கோடைக்காற்று

சித்தப்பாவின் வாழைத் தோப்பு சோழவந்தானுக்குத் தெற்கே, தென்கரைக்கும் முள்ளிப்பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டரை ஏக்கர். மேற்கில் வாய்க்கால், தெற்கில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால், அதைத் தாண்டினால் பங்காளி ஒருவரின் தென்னந்தோப்பு. சில வருடங்களுக்கு முன் சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பிய அடுத்த வாரம், ஒரு மாலை நேரக் காற்றில் அந்த வாழையில் பாதிக்கு மேல் படுத்துவிட்டது. தார் போட்டு இன்னும் ஒரு மாதத்தில் வெட்ட வேண்டிய மரங்கள். காற்று அடித்தது எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ, அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க நான் செய்த முயற்சிதான் இது. நான் வானிலை அறிஞன் இல்லை. பள்ளியில் இயற்பியல் நடத்துபவன். கையில் இருந்த கருவிகள் கைப்பேசியில் உள்ள திசைகாட்டி, ஒரு அளவு நாடா, ஒரு நாற்பது பக்க நோட்டு.

நடந்தது

அன்று பகலில் மதுரையில் வெயில் 40 டிகிரியை ஒட்டி இருந்தது. மூன்று மணிக்கு மேல் மேற்கே கொடைக்கானல் மலைப்பக்கம் மேகம் திரண்டது. கோடையில் இது வழக்கம்தான். மலையைத் தாண்டி வரும் மேல்காற்றும் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து உள்ளே வரும் கடல்காற்றும் நம் தலைக்கு மேல் எங்காவது முட்டிக்கொள்ளும். காய்ந்த தரை சூடான காற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வானொலியில் 'வெப்பச் சலனம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

கைப்பேசிக்கு அறிவிப்பும் வந்தது. அடுத்த 3 மணி நேரத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னல், பலத்த காற்றுடன் மழை பெய்யலாம் என்றது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் மூன்று மாவட்டத்தில் ஓரிரு இடம் என்றால் எந்த விவசாயி எதைச் செய்வது? முட்டுக்கொடுக்காத மரங்களுக்குக் கம்பு ஊன்றுவதற்கே ஒரு நாள் வேலை ஆகும்.

நாலே முக்கால் மணிக்குக் காற்று அடங்கி இலை அசையாமல் நின்றதாம். சித்தப்பா மோட்டார் ரூம் வாசலில் இருந்திருக்கிறார். "முதல்ல சில்லுன்னு ஒரு காத்துடா. ஏசி ரூம் கதவத் தொறந்த மாதிரி. அதுக்கப்புறம்தான் புழுதி, அதுக்கப்புறம்தான் மழை" என்றார். வாழை விழும் சத்தம் பட்டாசு மாதிரி வரிசையாகக் கேட்டதாம். ஐந்து மணிக்கு வெறும் தூறல். ஐந்தரைக்கு வெயில்கூட அடித்திருக்கிறது.

மறுநாள் காலை நான் போனபோது அந்தக் காற்றுக்கு நான்கு பெயர்கள் இருந்தன. செய்தித்தாளில் 'சூறாவளி'. கிராம நிர்வாக அலுவலர் எழுதிய குறிப்பில் 'சூறைக்காற்று'. சித்திக்கு அது 'பேய்க்காத்து'. டீக்கடையில் ஒரு பையன், அமெரிக்காவில் தும்பிக்கை மாதிரி தொங்கும் மேகத்தின் காணொலியைக் காட்டி, "இதுதான் மாமா நம்ம ஊருக்கு வந்துச்சு, டொர்னாடோ" என்று அடித்துச் சொன்னான். புயலையும் நாம் சூறாவளி என்கிறோம், டொர்னாடோவையும் சூறாவளி என்கிறோம், தகரக் கூரையைத் தூக்கும் சாதாரணக் கோடைக்காற்றையும் அப்படியே எழுதுகிறோம். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கதையில் பெயரில்தான் நிறைய இருக்கிறது.

தரையில் எழுதியிருந்தது

டொர்னாடோ என்றால் மேகத்திலிருந்து தரை வரை சுழலும் காற்றுத்தூண். அது போன பாதை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். பாதையின் இரண்டு ஓரத்து மரங்களும் நடுக்கோட்டைப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடக்கும். இன்னொரு வகைக் காற்று உண்டு. மேகத்துக்குள் மழையும் ஆலங்கட்டியும் சுமந்து நிற்கும் காற்று, கீழே உள்ள வறண்ட காற்றில் மழைத்துளி ஆவியாவதால் சட்டென்று குளிர்ந்து, கனத்து, மொத்தமாகக் கீழே விழும். வாளித் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தால் எப்படி நாலாபக்கமும் சிதறுமோ, அப்படித் தரையில் மோதி வெளிப்பக்கமாகப் பாயும். மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து விசிறி மாதிரி விரிந்து விழும். ஆங்கிலத்தில் இதற்கு டவுன்பர்ஸ்ட் என்று பெயர். கீழ்நோக்கிய வெடிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். நான் 'கொட்டுக்காற்று' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

ஆக, விழுந்த மரங்களின் திசையை எடுத்தால் போதும். ஆனால் வாழை ஒரு பொய்சாட்சி. தார் போட்ட மரம் ஏற்கெனவே தார் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். காற்று லேசாகத் தட்டினாலும் அந்தப் பக்கம்தான் விழும். அதனால் தார் விடாத மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவை சாய்வதில்லை, இடுப்பளவில் முறியும். முறிந்த பக்கம் தெளிவாகத் தெரியும். அதோடு கொடிக்காலில் வெற்றிலைக்குத் தாங்கலாக நிற்கும் அகத்தி. அது நெடுநெடுவென்று நேராக வளரும், எந்தப் பக்கமும் பாரம் கிடையாது. காற்றின் திசையைக் கேட்க அகத்தியைவிட நல்ல சாட்சி இல்லை.

சித்தப்பா பின்னாலேயே வந்தார். "என்னடா திசைகாட்டிய வச்சுக்கிட்டு அலையுற? நீ எழுதி முடிச்சா மரம் எந்திரிச்சு நிக்குமா?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் படம் தெளிந்துவிட்டது. தோப்பின் நடுவில் மரங்கள் கிழக்கே விழுந்திருந்தன. வடக்கு ஓரத்தில் வடகிழக்கே. தெற்கே கொடிக்காலில் அகத்தி எல்லாம் தென்கிழக்கே. வாய்க்காலுக்கு அக்கரையில், ஏறக்குறைய இருநூறு மீட்டர் தள்ளி, ஒரு முருங்கையும் இரண்டு பப்பாளியும் மேற்கே விழுந்திருந்தன. அம்புக்குறிகளைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் வாய்க்கால் ஓரத்தில் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. சுழன்றதற்கு ஒரு தடயம்கூட இல்லை. சித்தப்பா சொன்ன அந்தச் சில்லென்ற முதல் காற்றும் இதற்குப் பொருந்துகிறது. டீக்கடைப் பையனுக்கு ஏமாற்றம்தான்.

இந்த வித்தையை யார் கண்டுபிடித்தது

விழுந்த மரத்தை வைத்துக் காற்றைப் படிக்கும் முறையை நிலைநாட்டியவர் டெட்சுயா ஃபுஜிதா. ஜப்பானில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டுக்கு முதல் இலக்காக இருந்தது கொக்குரா. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குப் போனது. ஃபுஜிதா அப்போது கொக்குரா பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்த்தவர். பிறகு நாகசாகிக்கு ஆய்வுக்குப் போனபோது, குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழே மரங்கள் நின்றபடியே கருகியிருந்ததையும், சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி வெளிப்பக்கமாக விழுந்திருந்ததையும் பார்த்தார்.

கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அந்தக் காட்சி மறுபடி வந்தது. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள் அடித்தன. பாதைகளை விமானத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு காட்டில் மரங்கள் சுழலாமல் நட்சத்திரமாக விழுந்திருப்பதைக் கவனித்தார். அடுத்த வருடம் ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் 66 விமானம் ஓடுபாதைக்கு முன்னால் விழுந்தது. மேகத்திலிருந்து கொட்டிய காற்றுதான் அதைக் கீழே தள்ளியது என்றார் ஃபுஜிதா. நிறையப் பேர் நம்பவில்லை.

இங்கேதான் அரசுப் பணம் உள்ளே வருகிறது. 1978இல் சிகாகோவைச் சுற்றி, மேகத்துக்குள் காற்று நகரும் வேகத்தையும் காட்டும் டாப்ளர் ராடார்களை நிறுத்தி ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தார்கள். பிடிபட்டது. 1982இல் டென்வர் விமான நிலையம் பக்கம் இன்னும் பெரிய அளவில் பார்த்தார்கள். ஒரே கோடையில் ஏராளமாகப் பிடிபட்டன. சந்தேகம் தீர்ந்தது, ஆனால் நடவடிக்கை மெதுவாகத்தான் நடந்தது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லஸில் டெல்டா 191 விமானம் அதே மாதிரி விழுந்து 137 பேர் இறந்த பிறகுதான் பணம் வேகமாக வந்தது. 45 இடங்களில் விமான நிலையங்களுக்கென்றே தனி ராடார்கள் வைத்தார்கள். 1994க்குப் பிறகு அமெரிக்காவில் எந்தப் பெரிய பயணிகள் விமானமும் இந்தக் காற்றால் விழவில்லை. டொர்னாடோவைத் தேடிப் போனவருக்குக் கொடுத்த ஆய்வுப் பணத்தில் கிடைத்த பலன் இது. யாரும் திட்டம் போட்டு எதிர்பார்த்ததில்லை.

அமெரிக்காவும் நேராக இங்கே வந்துவிடவில்லை

அங்கே அரசு எப்போதும் ஆர்வமாக இருந்தது என்று நினைத்தால் தவறு. 1880களில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஜான் ஃபின்லி என்பவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்களைச் சேர்த்து, டொர்னாடோ எங்கே அடித்தாலும் தகவல் எழுதியனுப்பச் செய்தார். முன்னறிவிப்பும் செய்து பார்த்தார். மேலதிகாரிகள் என்ன செய்தார்கள்? முன்னறிவிப்புகளில் டொர்னாடோ என்ற சொல்லே வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள், மக்கள் பீதி அடைவார்கள் என்று. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அந்தச் சொல் அரசின் முன்னறிவிப்பில் வரவில்லை. 1925இல் மூன்று மாநிலங்களைக் கடந்து 695 பேரைக் கொன்ற டொர்னாடோவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல்தான் வந்தது.

திருப்பம் வந்தது ஓக்லஹோமாவில் உள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தில். 1948 மார்ச் 20 அன்று தளத்தின் மேலேயே டொர்னாடோ அடித்து விமானங்களை நொறுக்கியது. ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டார்கள். அவர்கள் பழைய வரைபடங்களைப் புரட்டி, அன்றைய வானம் எப்படி இருந்தது என்று உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்தாவது நாள், மார்ச் 25, அதே மாதிரி வானம். தயங்கித் தயங்கி முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். மாலையில் அதே தளத்தில் மறுபடி டொர்னாடோ. விமானங்களை முன்பே நகர்த்தியிருந்ததால் இழப்பு குறைந்தது. சொல்லுக்கு இருந்த தடை 1938இலேயே நீங்கியிருந்தாலும், அதைச் சொல்வதில் மிச்சமிருந்த தயக்கத்தையும் 1950இல் கைவிடச் சொன்னார்கள்.

1964இல் நார்மன் நகரில் கடும்புயல்களுக்கென்றே தேசிய ஆய்வகம். 1973இல் யூனியன் சிட்டி என்ற ஊரின் டொர்னாடோவை டாப்ளர் ராடாரில் பிறப்பு முதல் இறப்பு வரை பார்த்தார்கள். தரையில் இறங்குவதற்கு முன்பே மேகத்துக்குள் சுழற்சி தெரிகிறது என்று அதில்தான் உறுதியானது. அதை வைத்து நாடு முழுக்க ஏறக்குறைய 160 டாப்ளர் ராடார்கள் வர இருபது வருடம் ஆயிற்று. இவ்வளவுக்கும் பிறகு இன்று ஒரு எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம் சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டித்தான். நான்கு எச்சரிக்கையில் மூன்று பொய்த்தும் போகிறது. 2011 மே 22 அன்று ஜாப்ளின் நகரில் எச்சரிக்கை இருந்தும் 158 பேர் இறந்தார்கள். 2017இல் சட்டமே போட்டு, அவகாசத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2025இல் அதே நாட்டின் வெள்ளை மாளிகை, அந்த ஆய்வகம் அடங்கிய ஆராய்ச்சிப் பிரிவையே கலைக்கும் நிதித்திட்டத்தை முன்மொழிந்தது. எழுபது வருடம் கட்டியதற்கும் ஒவ்வொரு வருடமும் வாதாடத்தான் வேண்டியிருக்கிறது.

சோழவந்தானுக்கு மேலே ஐந்து கிலோமீட்டர்

அன்று நம் மேகத்தை எந்த ராடார் பார்த்திருக்கும்? காரைக்கால் ராடார் இங்கிருந்து 220 கிலோமீட்டருக்கு மேல். கொச்சியும் திருவனந்தபுரமும் 200ஐ ஒட்டி, நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. சென்னை 400க்கு மேல். ராடார் கதிர் நேராகப் போகும், பூமி வளையும். அரை டிகிரி உயர்த்திக் காரைக்காலிலிருந்து கிளம்பும் கதிர் சோழவந்தானை அடையும்போது தரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் போகும். அகலமும் நான்கு கிலோமீட்டர் ஆகிவிடும். வாய்க்கால் ஓரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லாமல் கொட்டிய காற்று அதற்கு எப்படித் தெரியும்? மொட்டை மாடியில் நின்று தெருவில் எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கிற மாதிரி. மதுரை விமான நிலையத்தின் காற்றுமானியும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் டாப்ளர் ராடார் அமைக்க மாநில அரசே முன்வந்து அறிவித்திருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து நம் தோப்பு 120 கிலோமீட்டர். கதிர் இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கும். தரைக்காற்று அப்போதும் தெரியாது, ஆனால் மேகத்தின் வயிறு தெரியும். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இரண்டு வருடத்துக்கு 2,000 கோடி ரூபாயில் மிஷன் மௌசம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ராடார்கள், கணினிகள், புது மாதிரிகள் எல்லாம் அதில் உண்டு. வங்காளத்துக் கால்பைசாகி இடிப்புயல்களை ஆராய 2005லிருந்தே ஸ்டார்ம் என்ற திட்டமும் நடந்தது. புயல் விஷயத்தில் அரசுப் பணம் என்ன செய்யும் என்று நாமே பார்த்திருக்கிறோம். 1999 ஒடிசா புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையில் பைலின் அடித்தபோது இறந்தவர்கள் ஐம்பதைத் தாண்டவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. கடலில் பிறக்கும் ஒவ்வொரு புயலுக்கும் பெயர் உண்டு, முடிந்ததும் விரிவான அறிக்கை உண்டு. ஒரு ஒன்றியத்துக்குள் பிறந்து அங்கேயே இறக்கும் காற்றுக்கு எதுவும் இல்லை. அதைப் பற்றிய தேசியக் கணக்கும் பெரும்பாலும் செய்தித்தாளையும் அரசு அறிக்கைகளையும் வைத்துத்தான். செய்தித்தாளோ எல்லாவற்றையும் சூறாவளி என்று எழுதுகிறது. ஃபின்லியின் தன்னார்வலர்கள் செய்த வேலையை, ஃபுஜிதா செய்த வேலையை, ராடார் வந்தாலும் யாராவது செய்தாக வேண்டும். ராடாரில் தெரிந்த வண்ணமும் தரையில் விழுந்த மரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் அந்த 160 ராடார்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ராடாருக்கு டெண்டர் விடலாம், அகத்தியை எண்ண டெண்டர் விட முடியாது.

2024 ஆகஸ்ட் கடைசி நாளில் தெலங்கானாவின் முலுகு மாவட்டத்து தாட்வாய் காட்டில் ஒரே வீச்சில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் விழுந்தன. டொர்னாடோவா, கொட்டுக்காற்றா என்று பெரிய விவாதம் நடந்தது. மரத்தை எண்ண அங்கே வனத்துறை இருந்தது, அதனால் விவாதம் நடக்கவாவது முடிந்தது. வாழைக்கு யார் இருக்கிறார்கள்?

பட்டியலில் காற்று இல்லை

சித்தப்பா பயிர்க் காப்பீடு கட்டியிருந்தார். இழப்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், சொன்னார். தனி வயல் இழப்பாக ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்றவை பெயரோடு இருக்கின்றன. வெறும் காற்று இல்லை. "கல்லு விழுந்துச்சா?" என்று போனில் கேட்டார்கள். சித்தப்பா இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து ஊரில் பலருக்கும் அன்று கல் மழை பெய்தது திடீரென்று ஞாபகம் வந்தது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அதற்குப் பிறகு விசாரித்த யாருடைய சாட்சியத்தையும் நோட்டில் சேர்க்க முடியாமல் போனது. நிவாரணப் பட்டியல் ஊரின் ஞாபகத்தையே மாற்றிவிடுகிறது, மரம் மட்டும்தான் விழுந்தபடி கிடக்கிறது. அதையும் மூன்றாம் நாள் வெட்டி அப்புறப்படுத்திவிடுவார்கள்.

படத்தைச் சுத்தமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இத எந்த ஃபைல்ல வைக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஒரு பிரதி அவரிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாததுமாகச் சித்தப்பாவிடமிருந்து போன். ராத்திரி மறுபடி காற்று. இந்த முறை கிழக்கு வரப்போரம் நாற்பது மரம் போலப் போயிருக்கிறது என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் இருக்கட்டும்டா. மரம் ஒண்ணையும் நகட்டல. வெயில் ஏறுறதுக்குள்ள அந்த நோட்ட எடுத்துக்கிட்டு வா."